வேலையோட ஒன்லைனில டிகிரி படிக்கிறது எனக்குச் சரிவருமோ? எதை வச்சு முடிவெடுக்கிறது?

வடலி:

வணக்கம். வடிவாத் தெரிஞ்ச அண்ணாமார், அக்காமார் ஆராவது பதில் சொல்லுங்கோ.

நான் காரைநகர். யாழ்ப்பாணம் ரவுணில வேலை, காலமை எட்டரையில இருந்து பின்னேரம் நாலரை மட்டும். பஸ் பிடிச்சு வீட்டை வர ஆறு மணியாகும். ஏ.எல் வர்த்தகம், தமிழ் மீடியம், மூண்டு பாடமும் எஸ். இப்ப ஐ.ரி படிக்க விருப்பம். வேலையை விடேலாது, அதால ஒன்லைனைத்தான் யோசிக்கிறன்.

கண்ணில பட்டது மூண்டு. ஒண்டு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர வெளிவாரி பி.ஐ.ரி (தகவல் தொழில்நுட்பப் பட்டம்). அடுத்தது திறந்த பல்கலைக்கழகம். மூண்டாவது பேஸ்புக்கில வாற ஒரு விளம்பரம்: முழுக்க ஒன்லைன், 18 மாசத்தில யூ.கே லெவல் 5, பிறகு ஒரு வருசத்தில டிகிரி. தவணை முறையில கட்டலாமாம், இந்தக் கிழமைக்குள்ள சேர்ந்தால் கழிவும் உண்டாம்.

நேரில வகுப்புக்குப் போகாமல் படிப்பு ஏறாது எண்டு வீட்டில சொல்லுகினம். இப்ப எல்லாம் ஒன்லைன்தானே எண்டு கந்தோரில உள்ளாக்கள் சொல்லுகினம். வீட்டில பைபர் இல்லை, 4ஜி றவுட்டர் ஒண்டு இருக்கு. 4 ஜி.பி ராம் உள்ள பழைய லப்ரொப். காசு கட்ட முதல் எதையெதைப் பாக்கவேணும்? ஒன்லைன் எனக்கு ஒத்துவருமோ எண்டு எப்பிடி அறியிறது?


செம்பாடு:

தங்கச்சி, ஒன்லைன் நல்லதோ கூடாதோ எண்டு பொதுவாக் கேட்டால் ஒருத்தராலயும் பதில் சொல்லேலாது. நீங்கள் எழுதின மூண்டும் மூண்டு விதமான படிப்பு. ஒவ்வொண்டையும் எடுத்து வச்சு நாலு கேள்வி கேளுங்கோ. கிழமைக்கு எத்தினை மணித்தியாலம் வேணும்? நான் எழுதினதை ஆர் திருத்துவினம், எத்தினை நாளில திருப்பித் தருவினம்? சோதினை எங்க நடக்கும்? கடைசியில கிடைக்கிற சேர்டிபிக்கற்றை ஆர் ஏற்பினம்? விரிவுரை நேரிலயோ வீடியோவிலயோ எண்ட யோசினை இதுகளுக்குப் பிறகு வந்தால் காணும்.

நேரக் கணக்கைத்தான் கனபேர் போட்டுப் பாக்கிறதில்லை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில ஒரு கிரெடிட் எண்டால் 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, வாசிப்பு, அசைன்மென்ற், சோதினைக்கு ஆயத்தம் எல்லாம் அதுக்குள்ள அடக்கம். வருசத்துக்கு 30 கிரெடிட், அப்ப 1500 மணித்தியாலம். 50 கிழமைக்குப் பிரிச்சால் கிழமைக்கு 30 மணித்தியாலம். இது முழுநேர மாணவரின்ர கணக்கு.

உங்கட நாளைப் பாப்பம். ஆறு மணிக்கு வந்து, குளிச்சு, சாப்பிட்டு, ஏழரைக்கு இருந்தால் ஒன்பதரை மட்டும் இரண்டு மணித்தியாலம். வேலை நாள் ஐஞ்சிலயும் பத்து. சனி ஞாயிறு ஐஞ்சைஞ்சு எண்டால் இன்னொரு பத்து. பேப்பரில இருபது வரும். கலியாண வீடு, செத்தவீடு, காய்ச்சல், நல்லூர்த் திருவிழா 25 நாள், கந்தோரில வருசக்கடைசி வேலை எல்லாம் கழிச்சால் பதினைஞ்சுதான் மிஞ்சும். அதாவது முழுப் பாரத்தில அரைவாசி. அதுக்காக விடவேண்டியதில்லை. மூண்டு வருசப் படிப்பை ஐஞ்சாறு வருசமா நீட்டேலுமோ, ஒரு செமெஸ்ரருக்கு அரைவாசிப் பாடத்தை மட்டும் எடுக்க விடுவினமோ, பதிவு எத்தினை வருசத்துக்குச் செல்லும், திரும்பப் பதிய எவ்வளவு எண்டு சேர முதல் கேட்டு எழுதி வச்சுக்கொள்ளுங்கோ.

பி.ஐ.ரியில ஒரு வசதி இருக்கு. முதல் கட்டம் முடிச்சால் டிப்ளோமா, இரண்டாம் கட்டத்தோட உயர் டிப்ளோமா, மூண்டாவதில பட்டம். இடையில நிக்கவேண்டி வந்தாலும் கையில ஒரு தகைமை இருக்கும். வேலையோட படிக்கிறவைக்கு இது சின்ன விசயமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தையும் இணையப் பாடங்களையும் தந்து சோதினை வைக்கும், பக்கத்தில இருந்து படிப்பிக்கிறது நீங்கள் தேடிக்கொள்ளவேண்டியது. சோதினை நிலையம் யாழ்ப்பாணத்தில இல்லாட்டில் இரவு பஸ்ஸில 400 கிலோமீற்றர் போகவேணும். விடியக் கொழும்பில இறங்கி ஒன்பது மணிக்குச் சோதினை எழுதிறது கூடாது. முதல் நாளே போய்த் தங்கவேணும். அந்தத் தங்குமிடக் காசும் கந்தோர் லீவும் படிப்புச் செலவுதான், கணக்கில சேருங்கோ.

திறந்த பல்கலைக்கழகம் 1980 இல இருந்து இந்த வேலையைத்தான் செய்யுது. கொக்குவிலில பிராந்திய நிலையம் இருக்கு. நேர வகுப்பு நாள்களும் தொடர் மதிப்பீடும் உண்டு, அந்த மதிப்பீட்டில தகுதி பெற்றால்தான் இறுதிச் சோதினைக்கு இருக்கலாம். கொஞ்சம் கடுமைதான். ஆனால் இடையில இடையில பிடிச்சு நிப்பாட்டிக் கேக்கிற அந்த ஒழுங்குதான் கனபேரைக் கரை சேர்க்குது எண்டது என்ர எண்ணம்.

ஏனெண்டால் வீடியோவில ஒரு வில்லங்கம் இருக்கு. பாக்கேக்க எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும். 2006 இல ரோடிகர், கார்ப்பிக் எண்ட இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதிச்சுப் பாத்தவை. ஒரு பகுதி மாணவர் ஒரு பந்தியை நாலு தரம் படிச்சினம். மற்றப் பகுதி ஒருக்காப் படிச்சுப்போட்டு மூண்டு தரம் பாக்காமல் எழுதிப் பாத்தினம். ஐஞ்சு நிமிசத்துக்குப் பிறகு கேட்டால் நாலு தரம் படிச்சவைதான் முன்னுக்கு. ஒரு கிழமைக்குப் பிறகு கேட்டால் அவைக்கு 40 வீதம்தான் ஞாபகம், எழுதிப் பாத்தவைக்கு 61 வீதம். அதால, பத்து நிமிசம் வீடியோ பாத்தால் நிப்பாட்டி, ஸ்கிறீனை மூடி, கொப்பியில ஞாபகத்தில உள்ளதை எழுதுங்கோ. பேந்து திறந்து பிழையைத் திருத்துங்கோ. ஒரு மணித்தியால விரிவுரைக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலம் போகும். அதுதான் அந்த விரிவுரையின்ர உண்மையான நீளம்.


கிடுகு:

இணைப்பைப் பற்றி மட்டும் சொல்லுறன். வேகம் எவ்வளவு எண்டு மத்தியானம் பாத்துப் பிரயோசனமில்லை. 4ஜி கோபுரம் ஒண்டை ஊர் முழுக்கப் பாவிக்குது, இரவு ஏழில இருந்து பத்து மட்டும்தான் நெரிசல். உங்கட வகுப்பு நடக்கப்போற அதே நேரம், மூண்டு நாலு நாள் சோதிச்சுப் பாருங்கோ. டவுன்லோட் எண்ணை மட்டும் பாக்கவேண்டாம். அப்லோட் செக்கனுக்கு 1 மெகாபிற்றுக்கு (எம்.பி.பி.எஸ்) மேல நிக்கவேணும், பிங், அதாவது மறுபக்கத்தில இருந்து பதில் வர எடுக்கிற நேரம், 100, 150 மில்லிசெக்கனுக்குள்ள இருக்கவேணும். பிங் நிமிசத்துக்கு நிமிசம் துள்ளினால் குரல் வெட்டி வெட்டித்தான் வரும், டவுன்லோட் 20 காட்டினாலும் உதவாது.

றவுட்டரின்ர பின்பக்கத்து ஸ்ரிக்கரில ஒரு முகவரி இருக்கும். அதை பிரவுசரில அடிச்சு உள்ள போனால் ஆர்.எஸ்.ஆர்.பி எண்டு சிக்னலின்ர பலத்தைச் சொல்லுற ஒரு எண் காட்டும். மைனஸ் 90 அல்லது அதைவிட நல்லது (மைனஸ் 80 மாதிரி) எண்டால் பயமில்லை. மைனஸ் 110க்குக் கிட்ட எண்டால் றவுட்டரை வேற யன்னலுக்கு மாத்திப் பாருங்கோ. கொங்கிறீற் சுவரும் தகரக் கூரையும் சிக்னலைக் குடிக்கும். கோபுரம் இருக்கிற பக்கத்து யன்னலில ஒரு முழம் உயர்த்தி வச்சாலே எண் மாறும். அதுக்கும் சரிவராட்டில் வெளி அன்ரனா பூட்டக்கூடிய றவுட்டர் வேணும்.

டேட்டா கணக்கு. அந்தந்த நேரத்திலயே ஒன்லைனில நடக்கிற நேரடி வகுப்பில வீடியோ 1.5 எம்.பி.பி.எஸ் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 675 எம்.பி. கிழமைக்கு எட்டு மணித்தியாலம் எண்டால் மாசம் 23 ஜி.பி அளவு. உங்கட கமெராவை நிப்பாட்டி, எச்.டியை நிப்பாட்டி, எல்லாற்ற முகமும் தெரியிற பார்வையை விட்டுட்டு ஆசிரியரை மட்டும் வச்சால் நல்லாக் குறையும். குரல் மட்டும் 80 கே.பி.பி.எஸ்ஸில ஓடும், மணித்தியாலத்துக்கு 36 எம்.பிதான். ஆசிரியர் பாடக்குறிப்பை முதலே அனுப்புறவர் எண்டால், மோசமான இரவில குரலை மட்டும் கேட்டுக் குறிப்பைப் பாத்துச் சமாளிக்கலாம். அதால சேர முதல் கேக்கவேண்டியது: ரெக்கோடிங் தருவினமோ, தரவிறக்க விடுவினமோ, எத்தினை நாளைக்கு இருக்கும்? நேரடி வகுப்பு மட்டும், ரெக்கோடிங் இல்லை எண்டால் 4ஜி வீட்டுக்கு அந்தப் படிப்பு ஒத்துவராது எண்டுதான் நான் சொல்லுவன். தரவிறக்கலாம் எண்டால், இரவு டேட்டா உள்ள பொதியில நள்ளிரவுக்குப் பிறகு இறக்கி வச்சுப்போட்டுப் பகலில பாக்கலாம்.

கரண்ட். கரண்ட் நிண்டாலும் றவுட்டரை ஓட வைக்க எண்டே சின்ன டி.சி யூ.பி.எஸ் (பற்றறிப் பெட்டி) விக்குது. பெட்டியில 8800 எம்.ஏ.எச் எண்டு போட்டிருக்கும், அது 3.7 வோல்ற்றில சொல்லுற எண். பெருக்கினால் 32 வோற்-அவர், மாற்றத்தில போறதைக் கழிச்சால் 26 அளவு. றவுட்டர் 8 வோற் எடுத்தால் மூண்டு மணித்தியாலம் ஓடும். வாங்கேக்க றவுட்டரின்ர அடப்ரரைக் கொண்டுபோய் 12 வோல்ற்றோ 9 வோல்ற்றோ, பிளக் அதே அளவோ எண்டு பாத்து எடுங்கோ. 9 வோல்ற் றவுட்டருக்கு 12 குடுத்தால் எரிஞ்சுபோகும். கரண்ட் கன நேரம் நிண்டால் கோபுரத்தின்ர பற்றறியும் இறங்கும், அதுக்கு எங்களால ஒண்டும் செய்யேலாது.

லப்ரொப் 4 ஜி.பி எண்டால் சூமையும் பிரவுசரையும் ஒண்டாத் திறக்கத் திணறும். மூடியைக் கழட்டி ராம் இடம் வெறுமையா இருக்கோ எண்டு பாருங்கோ, 8 ஆக்கலாம். உள்ள பழைய சுழலுற ஹார்ட் டிஸ்க் எண்டால் அதை எடுத்துப்போட்டு 256 ஜி.பி எஸ்.எஸ்.டி போடுங்கோ. முதல் வருசத்துக்கு அது காணும். வகுப்பைப் போனில பாத்துக்கொண்டு லப்ரொப்பில கோட் எழுதினால் இரண்டும் இலேசா ஓடும்.


கொப்பிக்கட்டு:

மூன்றாவது விளம்பரத்தைப் பற்றி எழுதவேண்டும். 'லெவல் 5' என்ற எண் இங்கே மூன்று வேறு சட்டகங்களில் மூன்று வேறு இடத்தில் நிற்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மட்டம் 5 என்றால் பொதுப் பட்டம், 6 என்றால் சிறப்புப் பட்டம். தேசிய தொழில் தகைமையில், அதாவது என்.வி.கியூவில், 5 என்றால் டிப்ளோமா, 6 உயர் தேசிய டிப்ளோமா, பட்டம் 7 இல்தான் வருகிறது. இங்கிலாந்தின் சட்டகத்தில் 5 என்பது உயர் டிப்ளோமா மட்டம், பட்டம் 6. ஆகவே யூ.கே லெவல் 5 முடித்தவர் கையில் இருப்பது பட்டம் அல்ல. விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் வாசிக்கிறவர் இலங்கை எண்ணை மனத்தில் வைத்து வாசித்தால் ஏமாந்துபோவார்.

கிரெடிட்டும் அப்படியே. அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம், இங்கே 50. லெவல் 4 இல் 120, லெவல் 5 இல் 120, ஆக 240 கிரெடிட் என்றால் 2400 மணித்தியாலம். 18 மாதம் ஏறக்குறைய 78 கிழமை. கிழமைக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. செம்பாடு போட்ட கணக்கின்படி உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து. அந்த வேகத்தில் 160 கிழமை, மூன்று வருடத்துக்கும் மேல். வேலை செய்துகொண்டே 18 மாதத்தில் முடிக்கலாம் என்று யாரும் உறுதி சொன்னால், எந்தப் பகுதியைக் குறைத்து முடிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து 'பிறகு ஒரு வருடத்தில் டிகிரி'. அந்தக் கடைசி வருடத்தைத் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதன் கட்டணம் இப்போது சொல்லும் தொகைக்குள் அடங்குமா அல்லது பவுணில் தனியாகக் கட்டவேண்டுமா, இந்த டிப்ளோமாவை ஏற்பதாக அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் எழுதியிருக்கிறதா? நிலையத்தாரின் வாய்ப்பேச்சைக் கணக்கில் எடுக்கவேண்டாம். டிப்ளோமாவுக்கு ஒரு தகைமை இலக்கம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, இங்கிலாந்தின் ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒப்குவலின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். இலக்கம் தரத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடிக்கலாம்.

வெளிநாட்டுப் பட்டத்துக்கு அங்கீகாரக் கடிதம் வழங்குவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. அவர்கள் பார்ப்பது பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தை. இங்கே வகுப்பு நடத்தும் நிலையம் எவ்வளவு பெரிய கட்டடத்தில் இருந்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அரச வேலைக்கு எப்போதாவது விண்ணப்பிக்க எண்ணமிருந்தால் இதை முதலில் உறுதி செய்யுங்கள். தொழிற்பயிற்சி நடத்தும் தனியார் நிலையங்களை மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு பதிவு செய்கிறது. அந்தப் பதிவிலக்கத்தையும் கேட்கலாம்.

இடையில் விட்டால் மீதிக் காசு திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தவணை முறை என்றால், படிப்பை நிறுத்தினாலும் மீதித் தவணை கட்டவேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலும் அந்த வரிதான் சின்ன எழுத்தில் இருக்கும். 'இந்தக் கிழமைக்குள்' என்ற கழிவுக்காக அவசரப்படவேண்டாம்.


பூவரசு:

இடையில கேக்கிறதுக்குக் குறை நினைக்காதையுங்கோ. மகன் அடுத்த வருசம் ஏ.எல், கணிதப் பிரிவு. இணைந்த கணிதத்துக்கு இஞ்ச ரியூட்டறிக்குப் போறார். கூட்டாளிமார் கொழும்பு ஆசிரியர் ஒருத்தற்ற சூம் வகுப்பில சேர்ந்திட்டினம் எண்டு தானும் இதை விட்டுட்டு அங்க போகப்போறாராம். விடலாமோ?


மூலைமட்டம்:

அக்கா, இணைந்த கணிதத்தில புள்ளி படிமுறைக்குத்தான். வினாத்தாள் இரண்டு, ஒவ்வொண்டும் மூண்டு மணித்தியாலம், ஒவ்வொண்டும் 1000 புள்ளி. ஏ பகுதியில பத்துக் கேள்வி, ஒண்டுக்கு 25. பி பகுதியில ஏழில ஐஞ்சு, ஒண்டுக்கு 150. நேரத்தைப் புள்ளிக்குப் பிரிச்சால் ஏ பகுதிக் கேள்விக்கு நாலரை நிமிசம், பி பகுதிக்கு 27 நிமிசம். இந்த வேகத்தில பிழையில்லாமல் எழுதப் பழகிறதுதான் கடைசி வருசத்து வேலை. பெரிய சூம் வகுப்பில ஆசிரியர் கணக்கைச் செய்து காட்டுவார், வடிவாத்தான் காட்டுவார். ஆனால் உங்கட பிள்ளை எந்த வரியில குறியை மாத்தி எழுதினவர், எந்த இடத்தில நிபந்தனையை விட்டவர் எண்டு அங்க ஒருத்தரும் பாக்கமாட்டினம்.

அதால ரியூட்டறியை விடச் சொல்லமாட்டன். ஒரு அலகு அவருக்கு இஞ்ச விளங்கேல்லை எண்டால் அந்த அலகை மட்டும் ஒன்லைனில கேக்கட்டும். எழுதிற வேலை இஞ்ச நடக்கட்டும். கிழமைக்கு இரண்டு பி பகுதிக் கேள்வியை 27 நிமிசம் மணிக்கூடு வச்சு எழுதி, பரீட்சைத் திணைக்களத்தின்ர புள்ளியிடும் திட்டத்தை வச்சுத் தானே முதல் திருத்தி, பிறகு ஆசிரியரிட்டைக் காட்டவேணும். ஒன்லைன் ஆசிரியருக்கு அனுப்பினால் ஒரு பக்கத்தில ஒரு கேள்வி, பகல் வெளிச்சத்தில எடுத்த படம், எல்லாம் சேர்த்து ஒரே பி.டி.எப். வட்ஸ்அப்பில பன்னிரண்டு படமாப் போனால் ஒருத்தரும் ஒழுங்காத் திருத்தமாட்டினம்.

சூம் வகுப்பு எடுத்தே ஆகவேணும் எண்டு நிண்டால், சேர முதல் இதைக் கேளுங்கோ: விடைத்தாளைத் தனித்தனியாத் திருத்துவினமோ, எத்தினை நாளில வரும்? ஓம் எண்டு சொன்னால் ஒரு மாசம் மட்டும் கட்டி, திருத்தின தாள் கைக்கு வருதோ எண்டு பாருங்கோ. அதோட, படுக்கையில கிடந்து போனில பாக்க விடவேண்டாம். மேசை, கொப்பி, பேனை இருக்கவேணும்.


வடலி:

எல்லாருக்கும் கன நன்றி. விளம்பரத்தை விட்டாச்சு. அந்த இலக்கத்தைக் கேட்டன், 'கந்தோருக்கு வாங்கோ, கதைப்பம்' எண்டுதான் பதில் வந்தது.

இப்ப இரண்டு கேள்வி. இங்கிலீஸ் மீடியத்தில படிக்க என்ர இங்கிலீஸ் காணுமோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? மற்றது, காசு கட்ட முதல் ஒன்லைன் எனக்கு ஒத்துவருமோ எண்டு சோதிக்க ஏதும் வழி இருக்கோ? இலவசப் பாடம் ஒண்டைத் தொடங்கிப் பாத்தால் காணுமோ?


செம்பாடு:

காணும், ஆனால் சரியான பாடத்தை எடுத்து, கணக்கு வச்சுச் செய்யவேணும். இலவசப் பாடத்தில சேருறது லேசு, முடிக்கிறது அரிது. ஹார்வர்டும் எம்.ஐ.ரியும் எடெக்ஸ் எண்ட ஒன்லைன் பாடத் தளத்தில நடத்தின பாடங்களை ஆராய்ஞ்ச கட்டுரை ஒண்டு 2019 இல 'சயன்ஸ்' இதழில வந்தது. 2017-18 இல சேர்ந்தவையில ஏறக்குறைய 3 வீதம்தான் முடிச்சவை. காசு கட்டிச் சேர்ந்தவையை மட்டும் எடுத்தால் 46 வீதம். காசு கட்டினதாலதான் முடிச்சினம் எண்டு இதை எடுக்கக்கூடாது, முடிக்க நினைச்சாக்கள்தான் காசு கட்டியிருப்பினம். ஆனால் காசு கட்டினவையிலயும் அரைவாசிக்கு மேல முடிக்கேல்லை எண்டதைக் கவனியுங்கோ.

சோதிக்க ஹார்வர்டின்ர சி.எஸ்.50 எண்ட கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தை எடுங்கோ. படிப்பு இலவசம், விரிவுரை வீடியோவைத் தரவிறக்கலாம், சேர்டிபிக்கற்றும் அவையின்ர சொந்தத் தளத்தில இலவசமாக் கிடைக்கும் (எடெக்ஸில காசு கேக்கிறது வேற). பூச்சியத்தில தொடங்கிற வாரக் கணக்கு. பூச்சியம் வாரம் ஸ்கிராச் (கட்டங்களை அடுக்கிக் கோட் எழுதிறது), முதலாம் வாரம் சி எண்ட கணினி மொழி. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டு வாரத்துப் பாடம் மட்டும்தான். எழுதின கோட்டைக் குடுத்தால் ஒரு சின்ன நிரல் அதை ஓட்டி எது சரி, எது பிழை எண்டு சில செக்கனில சொல்லும். அதால தனியப் படிக்கிற ஆளுக்கும் திருத்தம் கிடைக்கும். ஒண்டு கவனம், கோட் எழுதிற இடம் பிரவுசருக்குள்ள ஓடுறது, இணைப்பு அறுந்தால் நிக்கும். உங்கட 4ஜிக்கும் அது ஒரு சோதினைதான்.

ஒழுங்கு இதுதான். இரண்டு கிழமை. வேலை நாளில ஏழரையில இருந்து ஒன்பதரை, சனி ஞாயிறு சேர்த்து ஐஞ்சு. மொத்தம் 30 மணித்தியாலம். கொப்பியில ஒவ்வொரு நாளும் இரண்டு எண் எழுதுங்கோ, இருக்க நினைச்ச நேரம், உண்மையில இருந்த நேரம். விடுபட்ட மணித்தியாலத்துக்குப் பக்கத்தில காரணத்தை ஒரு சொல்லில எழுதுங்கோ: நித்திரை, இணைப்பு, வீட்டு வேலை, விளங்கேல்லை. விடையை வேற இடத்தில தேடிப் பாக்கக்கூடாது.

இரண்டு கிழமை முடிய 24 மணித்தியாலத்துக்கு மேல இருந்து, முதலாம் வாரத்துக் கணக்குகளும் சரி எண்டு வந்தால் தயங்காமல் பி.ஐ.ரிக்குப் பதியுங்கோ. அதுக்குக் குறைஞ்சால் காரணத்தைப் பாருங்கோ, முடிவு அதிலதான் இருக்கு. இணைப்பு எண்டு கூட எழுதியிருந்தால், கிடுகு சொன்ன மாதிரி தரவிறக்கிப் பாக்கிற படிப்பா எடுக்கலாம், குறை உங்களில இல்லை. நித்திரை எண்டால் இரவை விட்டு விடியப்புறம் நாலரையில இருந்து ஆறு மட்டும் மாத்தி இன்னொரு கிழமை பாருங்கோ. வீட்டு வேலை எண்டால் வீட்டாரோட கதைச்சு இரண்டு மணித்தியாலத்தை ஒதுக்கித் தரச் சொல்லவேணும். கதவை மூடிக்கொண்டு ஸ்கிறீனைப் பாத்தால் சும்மா இருக்கிறியள் எண்டுதான் நினைப்பினம். விளங்கேல்லை எண்ட சொல்தான் பக்கம் பக்கமா இருக்கு எண்டால், கேக்க ஆள் வேணும். அப்ப நேர வகுப்பு உள்ள திறந்த பல்கலைக்கழகம், அல்லது ரவுணிலயே சனி ஞாயிறு வகுப்பு. வேலை முடிஞ்சு ரவுணிலயே நிக்கிற ஆள் நீங்கள். பொது நூலகத்தில ஒரு மணித்தியாலம் இருந்து படிச்சிட்டு அடுத்த பஸ்ஸில வாறதும் ஒரு வழி, கடைசி பஸ் எத்தினை மணிக்கு எண்டு பாத்துக்கொள்ளுங்கோ.

பதினைஞ்சு மணித்தியாலத்துக்குக் கீழ, காரணம் நாலும் கலந்து கிடக்கு எண்டால் இந்த முறை பதியாதையுங்கோ. அடுத்த முறை விண்ணப்பம் கோருவினம்.

இங்கிலீஸுக்குத் தனிச் சோதினை. முதல் வருசத்துப் பழைய வினாத்தாள் ஒண்டை எடுங்கோ. விடை தெரியத் தேவையில்லை. ஒவ்வொரு கேள்வியும் என்ன கேக்குது எண்டு தமிழில ஒரு வரி எழுதுங்கோ. பத்தில எட்டு எழுதேலுமெண்டால் உங்கட இங்கிலீஸ் காணும், மிச்சம் படிக்கப் படிக்க வரும். ஐஞ்சு, ஆறு எண்டால், சி.எஸ்.50 விரிவுரையைக் கீழ எழுத்தோட முக்கால் வேகத்தில பாத்து, ஒவ்வொரு நாளும் விளங்கினதை இங்கிலீஸில ஐஞ்சு வரி எழுதி ஒரு மூண்டு மாசம் பழகுங்கோ. தமிழ் யூரியூப் விளக்கங்களை எண்ணக்கருவைப் பிடிக்கப் பாவிக்கலாம். பிறகு அதே விசயத்தை இங்கிலீஸில ஒருக்கா வாசிக்கவேணும், சோதினையில தமிழ்ச் சொல் உதவாது.

கடைசியா ஒண்டு, பதிய முதல் பேரைப் பாருங்கோ. எங்கட ஆக்களுக்குப் பிறப்புச் சான்றிதழில ஒரு எழுத்து, அடையாள அட்டையில ஒரு எழுத்து, ஏ.எல் பெறுபேற்றில முதலெழுத்து மட்டும் எண்டு இருக்கும். அப்பாவின்ர பேர் ஒரு இடத்தில முன்னுக்கும் இன்னொரு இடத்தில பின்னுக்கும் நிக்கும். பதியேக்க குடுக்கிற பேர்தான் பட்டத்தில வரும். வெளிநாட்டுத் தளத்தில கமெராவுக்கு முன்னால எழுதிற சோதினை எண்டால், பதிஞ்ச பேரும் காட்டுற அட்டையில உள்ள பேரும் ஒத்துவராட்டில் எழுத விடமாட்டினம். பாஸ்போட் இருந்தால் அதில உள்ள மாதிரியே எல்லா இடத்திலயும் எழுதுங்கோ. ஆவணங்களுக்குள்ள எழுத்து வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிட்டைச் சத்தியக்கடதாசி முடிச்சு, பதிவுக்கு அனுப்புற கட்டோட ஒரு பிரதி வையுங்கோ.